வண்டியின் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது?

கடன் கொடுக்கும் கலையை மளிகைக் கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளத் தேதியன்று தானாக வந்து பாக்கியைக் கட்டிவிட்டுப் போகிறவர் யார், கடைக்கு எதிர்ப்புறமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கிறவர் யார் என்பது நமக்குத் தெரியும். முன்னவருக்கு ஒரு சிப்பம் அரிசியைக் கேள்வி கேட்காமல் ஏற்றிவிடுவோம். பின்னவர் கால் கிலோ பருப்புக் கேட்டாலும், "முதலில் பழைய பாக்கியைப் பாருங்கள்" என்போம். ஆளின் நடத்தையைப் பார்த்துச் சலுகை கொடுப்பது வியாபாரத்தில் புதிய சங்கதி அல்ல.

இதே வேலையைத்தான் இப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகள் நம்முடைய கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் செய்யத் தொடங்கியிருக்கின்றன. "நீங்கள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி பிரீமியம் வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயம்தானா என்பதை வியாபாரிகளாகிய நாம் நம்முடைய கணக்கு நோட்டை வைத்தே உரசிப் பார்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சங்கதி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில் மூன்று புதிய முறைகளைக் கம்பெனிகள் கொண்டுவரலாம் என்று அதில் அனுமதி கொடுத்தது. ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது ஒன்று. ஓட்டும் விதத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது இன்னொன்று. ஒரே நபரின் பெயரில் உள்ள கார், இருசக்கர வாகனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாலிசி என்பது மூன்றாவது. இதற்கு முன்பே, 2020-இல், சோதனை முறையில் சில திட்டங்கள் வந்திருந்தன. எடல்வைஸ் நிறுவனம் அந்த ஆண்டு கொண்டுவந்த 'ஸ்விட்ச்' திட்டத்தில், வண்டியை எடுக்கும் நாளில் கைபேசியில் பாலிசியைப் போட்டுக்கொள்ளலாம், எடுக்காத நாளில் அணைத்துவிடலாம். அணைத்திருக்கும்போது தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் பாதுகாப்பு நிற்கும். கடையின் விளக்கைப் போலத்தான்!

இன்று நாம் கட்டுகிற பிரீமியம் எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏஜெண்ட் சொல்கிற தொகையைக் கொடுத்துவிட்டு, காகிதத்தை டாஷ்போர்டில் செருகிவிடுகிறோம். அந்தக் காகிதத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று 'தேர்டு பார்ட்டி'. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி இது இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது. இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வாடகைச் சரக்கு வண்டிக்கு, நாம் 'குட்டி யானை' என்று சொல்லும் வண்டியும் இதில்தான் வரும், 16,049 ரூபாய்.

மற்றொரு பாகம் நம்முடைய வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. 2007-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இதன் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் கம்பெனிகள் தாங்களே விலை வைக்கின்றன. வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவு செய்த ஊர் இவைதான் அடிப்படை. போன வருடம் இழப்பீடு கேட்காதவருக்கு 'நோ கிளைம் போனஸ்' உண்டு. முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் தொடர்ந்து கேட்காதிருந்தால் 50 சதவீதம் வரை போகும். ஓட்டுகிறவரின் நடத்தையைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை என்று இதுவரை இருந்தது இது ஒன்றுதான். அதுவும் நடந்து முடிந்ததைப் பார்த்துக் கொடுப்பது.

ஊரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பழைய கட்டண முறையில் தனியார் கார்களுக்கு நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, பெங்களூர், மும்பை போன்ற பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் 'பி'. அந்தப் பிரிவினையின் நிழல் இன்றைய கட்டணங்களிலும் உண்டு. இதை வைத்து நம் மாவட்டத்து நிலைமையைப் பாருங்கள். ஓசூரில் டி.என். 70 என்று பதிவு செய்த ஒரு கார், தினமும் காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய், பெங்களூரின் நெரிசலில் ஊர்ந்துவிட்டு இரவு திரும்புகிறது. கல்லாவியில் டி.என். 24 என்று நிற்கும் இன்னொரு கார், வாரம் ஒருமுறை ஊத்தங்கரைக்கும், முகூர்த்த நாளில் கிருஷ்ணகிரிக்கும் போய்வருகிறது. இரண்டும் ஒரே 'பி' மண்டலம். வண்டியும் வயதும் ஒன்றாயிருந்தால் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றே! வீட்டில் நிற்கும் வண்டி ஓடும் வண்டிக்காகக் கட்டுகிறது என்றால் மிகையில்லை. வெயிலில் மூடி போட்டு நிறுத்தியே வண்டியைப் பாதுகாக்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்படித்தான் பல வருடமாகப் பிறர் பங்கையும் சேர்த்துச் செலுத்தி வந்திருக்கிறோம்.

ஆகவே, தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை நான் வரவேற்கிறேன். இதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர், 5,000, 7,500 என்று சில படிகள் வைத்திருப்பார்கள். நாம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பாலிசி எடுக்கும் அன்று ஓடோமீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படியைத் தாண்டிவிட்டால் கூடுதல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. சிலவற்றில் பாதுகாப்பு தொடரும், அடுத்த வருடச் சலுகை மட்டும் போகும். சிலவற்றில் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பே நின்றுவிடும், தேர்டு பார்ட்டி மட்டும் மிஞ்சும். இந்த ஒரு கேள்வியை ஏஜெண்டிடம் கேட்டு, பதிலைப் பாலிசியில் விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. ஓடோமீட்டர் நம் கண்ணெதிரே இருக்கிறது. அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தராசு நடுவில் இருக்கும் வியாபாரம் இது.

ஓட்டும் விதத்தைப் பார்க்கும் முறைதான் யோசிக்க வேண்டியது.

இது எப்படி வேலை செய்கிறது? வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கக் கருவி செருகும் ஒரு துவாரம் இருக்கும். அதில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டியைச் செருகுவது ஒரு வகை. கைபேசியில் ஒரு ஆப் போட்டுக்கொள்வது இன்னொரு வகை. புதிய கார்கள் சிலவற்றில் தயாரிப்பாளரே சிம் கார்டுடன் கருவியை உள்ளே வைத்துவிடுகிறார். எதுவாயிருந்தாலும் அடிப்படை ஒன்றே. செயற்கைக்கோள் வழியாக வண்டி எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்பது தெரிகிறது. உள்ளே உள்ள ஒரு சிறு உணர்கருவி, வண்டி திடீரென்று முன்னே பாய்ந்ததா, திடீரென்று நின்றதா, வளைவில் சாய்ந்ததா என்பதை அளக்கிறது. ஓட்டும்போது கைபேசியைத் தொட்டோமா என்பதையும் ஆப் கண்டுபிடிக்கும். எந்த நேரத்தில் ஓட்டினோம் என்பதும் கணக்கில் சேரும். இரவு நேரம் என்றால் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடினால் சலுகை கூடும்.

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புரோகிரசிவ் என்ற கம்பெனி சோதித்துப் பார்த்த முறை இது. இங்கிலாந்தில் நார்விச் யூனியன் 2006-இல் பெட்டி பொருத்தி இப்படி ஒரு திட்டத்தை நடத்தி, ஆள் சேராமல் 2008-இல் நிறுத்தியது. கைபேசி எல்லோர் பையிலும் வந்த பிறகுதான் இது மீண்டும் தலையெடுத்திருக்கிறது. பெட்டிச் செலவு இல்லை பாருங்கள்.

என் மைத்துனர் ஒரு கம்பெனியின் ஆப்பைச் சென்ற வருடம் போட்டுக்கொண்டார். நிதானமான மனிதர். ஹாரன் அடிப்பதற்குக்கூட யோசிப்பவர். முதல் மாதம் அவருக்கு வந்த மதிப்பெண் 61! வீட்டில் ஒரே கேலி. நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பயணமாகப் பார்த்தோம். 'கடும் பிரேக்' என்று குறித்திருந்த இடங்களில் பாதி, பள்ளிக்கூடத்துக்கு அருகில் வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. மற்றவை சாலையைக் கடந்த மாடும், எதிர்த்திசையில் வந்த மொபெட்டும். இதில் அவர் செய்த குற்றம் பிரேக் போட்டதுதான். போடாமல் இருந்திருந்தால் மதிப்பெண் கூடியிருக்கும், மாடு போயிருக்கும். வேடிக்கை அதோடு முடியவில்லை. ஒரு நாள் சேலத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தார். கைபேசி பையில் இருந்தது. மஞ்சவாடி கணவாயின் வளைவுகளில் பஸ் டிரைவர் ஓட்டிய ஓட்டம் முழுவதும் இவர் கணக்கில் ஏறிவிட்டது. "அன்று நான் பயணி" என்று ஆப்பில் திருத்த ஒரு வழி இருந்திருக்கிறது. அது ஆங்கிலத்தில் எங்கோ நான்காவது பக்கத்தில் இருந்தது.

மைத்துனர் கதையைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. மளிகைக்காரனின் ஒரு நாளை இந்த மதிப்பெண்ணோடு ஒட்டிப் பாருங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கோ லீ பஜாருக்கோ கொள்முதலுக்குப் போகிறவர் விடியலுக்கு வெகு முன்பே புறப்படுகிறார். காய்கறி வியாபாரி நடுச்சாமத்தில் எழுந்து ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் போகிறார். அதிகாலை மூன்று மணிக்குச் சாலையில் இருப்பவன் குடித்துவிட்டு வருகிறான் என்பது எங்கோ ஒரு நகரத்துக் கணக்கு. நம் ஊரில் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் பால்காரரும் வியாபாரியும்தான். விடியற்காலையில் போவது நமக்குத் தொழில். அதற்கு மதிப்பெண் குறைப்பது, கடையைச் சீக்கிரம் திறப்பவனுக்கு வரி போடுவது போன்றது.

இரவு ஓட்டத்தில் ஆபத்து அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. தொப்பூர்க் கணவாயில் எத்தனை வண்டிகள் உருண்டிருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தூக்கக் கலக்கம், பாரம் ஏற்றிய லாரி, இறக்கம் எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆபத்தை எவ்வளவு என்று எடை போட்டார்கள், எந்த ஊர் எடைக்கல்லால் போட்டார்கள் என்பதைக் காட்டச் சொல்லக் கட்டணம் கட்டுகிறவருக்கு உரிமை உண்டா இல்லையா?

சலுகை எவ்வளவு என்பதையும் வியாபாரியாகப் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் "20 சதவீதம் வரை" என்று பெரிய எழுத்தில் வந்தால், அந்தச் சதவீதம் எதன் மேல் என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு, ஒரு காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேர்டு பார்ட்டி 3,416. சேர்த்து 9,416. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 11,111 ரூபாய் ஆகிறது. 20 சதவீதச் சலுகை என்பது 6,000-இல் மட்டுமே. 1,200 குறைந்து, வரியோடு 9,695 வரும். மிச்சம் 1,416 ரூபாய், அதாவது மொத்தத்தில் 13 சதவீதத்துக்கும் குறைவு. பழைய கார் என்றால் சொந்தச் சேதப் பிரீமியமே சிறிதாக இருக்கும். மிச்சம் இன்னும் சுருங்கும்.

குட்டி யானை வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் மெலிவு. அவர் கட்டுவதில் பெரும்பங்கு அந்த 16,049. அதில் எந்த ஆப்பும் கைவைக்க முடியாது. அவருக்கு உண்மையான சலுகை வந்தது வேறு வழியில். சரக்கு வண்டியின் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 16,049-க்கு 1,123 ரூபாய் மிச்சம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாத சிறு வியாபாரிக்கு இது முழுசாகக் கையில் நிற்கும் பணம். யாரும் அவர் பிரேக்கை எண்ணவில்லை!

இனிதான் முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கொஞ்சம் நெருடலானது, நம்மில் பலரைத் தொடுவது.

நம் உறுப்பினர்களில் சொந்த உபயோகக் கார் என்று பதிவு செய்த ஆம்னி, ஈகோ வண்டிகளில் கடைச் சரக்கு ஏற்றாதவர்கள் எத்தனை பேர்? பின் சீட்டை மடக்கி நான்கு மூட்டை சர்க்கரை, எண்ணெய் டின், பிஸ்கட் பெட்டி என்று ஏற்றிக்கொண்டு வருகிறோம். நம் வண்டி, நம் சரக்கு, யாருக்கென்ன என்பது எண்ணம். தனியார் கார் பாலிசியின் உபயோக வரம்பு என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவது கூடாது என்பதோடு, மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர்த்து வேறு சரக்கு ஏற்றுவதும் பாதுகாப்புக்கு உட்படாது என்று அதில் எழுதியிருக்கும். இது இன்று நேற்று வந்த வாசகம் அல்ல, பழைய நிர்ணயப் பாலிசியிலிருந்தே உள்ளது.

இதுவரை என்ன நடந்து வந்தது? விபத்தன்று வண்டியில் சரக்கு இருந்தால் மட்டுமே சர்வேயர் கேள்வி கேட்பார். மற்ற நாட்களில் அந்த வண்டி என்ன செய்தது என்பதற்குச் சாட்சி இல்லை. இனி ஒரு பெட்டி உள்ளே உட்கார்ந்து, வாரம் மூன்று நாள் அதிகாலையில் கிளம்பி, லீ பஜாரில் இரண்டு மணி நேரம் நின்று, நேராகக் கடை வாசலில் வந்து நின்றது என்று ஆண்டு முழுவதும் எழுதி வைத்திருக்கும். ஒரு நாள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும்போது விபத்து நேர்ந்தாலும், "இந்த வண்டி சொந்த உபயோக வண்டியா, கடை வண்டியா?" என்று கேட்க அந்த ஏடு போதும். கம்பெனிகள் இப்படிக் கேட்டுவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. கேட்க முடியாதபடி எந்தப் பாலிசியிலும் தடை எழுதியிருப்பதாக என் கண்ணில் படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். 2008-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சொந்த உபயோகத்துக்குக் காப்பீடு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது திருட்டுப் போய்விட்டது என்று கம்பெனி பணம் கொடுக்க மறுத்தது. திருட்டுக்கும் அந்த விதிமீறலுக்கும் சம்பந்தமில்லை என்று கூறி, 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பைக் கோர்ட் உறுதி செய்தது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். நாலில் ஒரு பங்கு போனது என்றும், அதற்குச் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம்.

சரக்கு ஏற்றுகிறவர்கள் சரக்கு வண்டியாகப் பதிவு செய்து அதற்கான பாலிசி எடுப்பதே முறை. நம் தவறை நாம் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்; இதில் சங்கம் யாருக்கும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் சலுகைக்கு ஆசைப்பட்டுப் பெட்டியைப் பொருத்திக்கொள்கிற உறுப்பினர், தனக்கு எதிராகவும் பேசக்கூடிய ஒரு சாட்சியை வீட்டுக்குள் குடிவைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

கணக்கு நம்மைப் பற்றியது, ஏடு அவர்களிடம். இதுதான் என் குறை. நம் கடையில் பற்று வைக்கும் வாடிக்கையாளரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கும். நம் பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த நோட்டிலும் ஏறும். மாதக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். "அன்று நான் அரைக் கிலோதான் வாங்கினேன்" என்று ஒரு பாட்டி சொன்னால், நோட்டைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பேரப்பிள்ளையைக் கூட்டிவந்து காட்டச் சொல்கிறோம். இப்படி இரண்டு நோட்டு இருப்பதால்தான் கடன் வியாபாரம் தலைமுறையாக ஓடுகிறது. வண்டிக் கணக்கிலோ ஒரே நோட்டு. மதிப்பெண் மட்டும் நமக்கு. அதற்குள் எந்தப் பிரேக்குக்கு எத்தனை கழித்தார்கள் என்பது அவர்களுக்கு.

இந்த ஏடு கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சான்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்களில் 'ஸ்மார்ட் டிரைவர்' என்று ஒரு வசதி இருந்தது. நன்றாக ஓட்டப் பழகிக்கொள்ள உதவும் என்று சொல்லப்பட்டது. அதில் சேர்ந்த விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தகவல் நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளை எட்டின. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டது. விபத்தே செய்யாத ஒருவருக்குப் பிரீமியம் 21 சதவீதம் ஏறியிருக்கிறது. காரணம் தேடிப்போனவர் கையில் 258 பக்க அறிக்கை கிடைத்தது. அவரும் மனைவியும் மாதக்கணக்கில் காரை எடுத்த ஒவ்வொரு முறையும் அதில் குறித்திருந்தது, பிரேக் உட்பட! செய்தி வந்த மாதமே நிறுவனம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில், ஐந்து ஆண்டுகளுக்கு இத்தகைய விவரங்களைத் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நடவடிக்கை எடுத்தது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறை என்று விதியிலேயே இருக்கிறது. நமக்குப் பயன்படும் இரண்டு சங்கதிகள் இதில் உண்டு. நம்மைப் பற்றி என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. மைத்துனரின் நான்காவது பக்கத்து ஆங்கிலம் அதற்குப் பிறகு செல்லாது.

எதிர்வாதமும் சொல்லத்தான் வேண்டும். நம்மில் லாரி, வேன் வைத்திருப்பவர்கள் பலர் டிரைவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஜி.பி.எஸ். பொருத்தியிருக்கிறோம். வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, டீசல் எங்கே போனது என்று முதலாளி பார்க்கலாம். கம்பெனி நம்மைப் பார்த்தால் மட்டும் கசக்கிறதா என்று டிரைவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த ஏட்டையும் டிரைவருக்குக் காட்டுவதுதான் ஒழுங்கு. இன்னொன்று, வீட்டில் இருபது வயதுப் பையன் இருப்பவர்களுக்கு இந்த ஆப் ஒரு வரம் என்கிறார்கள். சலுகைக்காகவாவது பையன் கைபேசியைத் தொடாமல் ஓட்டினால் நல்லதுதானே! அதை மறுக்க மாட்டேன். கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் போகும் வேகத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

ஆகவே இந்த முறையே வேண்டாம் என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்பதல்ல என் கருத்து. வரத்தான் போகிறது. ஆணையத்தின் பணிக்குழு ஒன்று 2021 ஜனவரியிலேயே, போக்குவரத்து விதி மீறலுக்குப் புள்ளி போட்டு அதற்கென்று தனிப் பிரீமியம் வாங்கலாம் என்று பரிந்துரை செய்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் இல்லாத ஊர்களின் வியாபாரிகள் அந்தப் பத்தைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டும். கடை வாசலில் சரக்கு இறக்கிய பத்து நிமிடம் பிரீமியத்தில் ஏறும் நாள் வந்தால், அன்று கூட்டம் போட்டுப் பயனில்லை.

சங்கம் ஆணையத்துக்கு எழுத வேண்டியது கொஞ்சம்தான். மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்ற பட்டியல் பாலிசியோடு தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு பயணத்தின் விவரத்தையும் வாடிக்கையாளர் பார்த்து, ஆட்சேபிக்க வழி வேண்டும். சலுகைக்காகச் சேர்த்த ஏட்டை இழப்பீட்டை மறுக்கப் பயன்படுத்துவதாயிருந்தால், அதைச் சேரும் அன்றே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். அதிகாலைக் கொள்முதலுக்குப் போகும் வணிகர்களுக்கு இரவுக் கழிவு கூடாது. ஒரே நபரின் கார், ஸ்கூட்டர்களுக்குக் கொடுத்த கூட்டுப் பாலிசி வசதியை, ஒரே வணிகரின் ஒன்றிரண்டு சிறு சரக்கு வண்டிகளுக்கும் கொடுக்க வேண்டும். அதுவரை, மறுப்புக்கு ஆளான உறுப்பினர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். தனி உரிமையாளர் கடையின் பெயரில் உள்ள பாலிசியும் அங்கே செல்லும்.

என் காரின் பாலிசி ஆடி மாதம் முடிகிறது. போன வருடம் அது ஓடியது 3,800 கிலோமீட்டர். 5,000 படியில் சேர்ந்துவிடுவதாக ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். "ஆப்பும் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும் அண்ணாச்சி" என்றார். கணக்கை எனக்கும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.